கோச்சி போன பாதை



கொட்டகலையில் குடியிருப்பவர்களுக்குக் கடிகாரம் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. ஹட்டன் பக்கமிருந்து வரும் கோச்சி சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்து, அரைக் கிலோமீற்றருக்கும் கூடிய அந்த இருட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வாயைத் திறக்கும்போது ஒரு கூவல் எழும்பும். அதைக் கேட்டு அடுப்பில் தண்ணீர் வைப்பவர்கள் இருக்கிறார்கள். மலைக்குப் போகிறவர்கள் அதைக் கேட்டு நடையை எட்டிப் போடுவார்கள். என் தாயார் கோச்சிச் சத்தத்தை வைத்தே நாளை நாலாகப் பிரித்து வைத்திருந்தார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது அந்தச் சத்தம் நின்றது. மண்சரிவுகள் பாதையைப் பல இடங்களில் விழுங்கிவிட்டன. மனிதர்களையும் வீடுகளையும் இழந்து நிற்கிற ஊர்களின் நடுவே, கோச்சி வரவில்லையே என்று கவலைப்படுவது ஒரு பெரிய கவலை அல்லதான். ஆனாலும் விடியற்காலையில் விழித்துப் படுத்திருந்து, வராத ஒரு சத்தத்துக்குக் காது கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

அந்த நாட்களில் ஒருநாள், ஓய்வுபெற்ற நிலைய அதிபர் ஒருவர், நாங்கள் ‘மாஸ்டர் அண்ணன்’ என்று கூப்பிடுகிறவர், தேநீர்க் கடையில் வைத்துச் சொன்னார்: “இது திரும்பி வந்திடும் தம்பி. ஒருக்கா நின்னு, திரும்பி வராமலே போன கோச்சி ஒன்னு இருக்கு. அது போன பாதைய நீங்க பார்த்ததில்லையே?”

பார்த்ததில்லை. நுவரெலியாவுக்கு நூறு தடவை போயிருக்கிறேன், கந்தப்பளையில் உறவு இருக்கிறது, இராகலைக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். இந்த மூன்று ஊர்களுக்கும் ஒரு காலத்தில் புகையிரதம் ஓடியது என்பதைப் புத்தகத்தில் படித்த ஞாபகம் மட்டும்தான். வீதிகள் ஓரளவு சீரான பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு பேர் ஒரு வானில் கிளம்பினோம். மாஸ்டர் அண்ணன், படம் எடுப்பதில் பித்துள்ள ஓர் ஆசிரியர், வானுக்குச் சொந்தக்காரரான இளைஞர், நான். மாஸ்டர் அண்ணனின் பையில் ஜீ. எப். பெரேரா 1925இல் ஆங்கிலத்தில் எழுதிய இலங்கைப் புகையிரத வரலாற்றின் பிரதி ஒன்று, ஒரு நாடா, ஒரு போத்தல் தண்ணீர். அந்தத் தண்ணீர்ப் போத்தல் குடிப்பதற்கு அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது.

புகையிரதத்தைத் தேடி வானில் போவது வேடிக்கைதான். கைவிடப்பட்ட பாதைகளைத் தேடித் திரிகிற பழக்கம் இங்கிலாந்தில் பெரிய அளவில் உண்டு. அங்கே 1963இல் பீச்சிங் என்பவர் ஓர் அறிக்கை கொடுத்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் மூடலாம் என்றது அது. மூடிய பிறகு, அந்தப் பாதைகளைக் காதலிக்கிறவர்கள் வரைபடமும் கையுமாகக் கார்களில் ஏறிக் கிளம்பினார்கள். பாதைகளைக் கொன்றதே கார்களும் லொறிகளும்தான். இறந்தவர் வீட்டுக்குக் கொலைகாரனின் வண்டியில் போவது போன்ற ஒரு காரியம் இது என்று நான் சொன்னபோது, வான்காரத் தம்பிக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

பெரிய பாதையின் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேசாதிபதி ஹென்றி வார்ட் 1858இல் முதல் மண்வெட்டியைப் போட்டார். 1865இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ, 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா. கோப்பியை இறக்குவதற்காகத் துரைமார் கேட்டு வாங்கிய பாதை இது. கண்டிக்குக் கோச்சி வந்த அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்தரையில் தேயிலையைப் பயிரிட்டார். இரண்டு வருடம் கழித்துக் கோப்பி இலையில் நோய் கண்டது. கோப்பிக்கென்று புறப்பட்ட பாதை, ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் ஏறி வந்து சேர்ந்தபோது கோப்பி சாகக் கிடந்தது. ஏறிய பாதையில் தேயிலை இறங்கிற்று.

நானுஓயாவுக்கு மேலே பாதை ஊவாவை நோக்கித் திரும்பிக்கொண்டது. பட்டிப்பளை உச்சியைத் தாண்டி 1893இல் அப்புத்தளை, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை. இதனால் நுவரெலியா பாதையிலிருந்து விலகிப் போயிற்று. தேசாதிபதியும் துரைமாரும் குளிர் காய வருகிற ஊர். அதற்கு அப்பால் கந்தப்பளை, இராகலை, உடப்புசல்லாவை என்று தேயிலை விளைகிற மலைகள். அவற்றுக்கென்று தனியாக ஒரு குட்டிப் பாதை போட்டார்கள். அதுதான் உடப்புசல்லாவைப் பாதை. 1903 டிசம்பரில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வரையும், 1904இல் கந்தப்பளை வழியாக இராகலை வரையும் திறக்கப்பட்டது. உடப்புசல்லாவை என்று பெயர் இருந்தாலும் கோச்சி உடப்புசல்லாவையைக் கண்டதில்லை. இராகலையோடு நின்றுவிட்டது.

பெரிய பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி ஐந்தரை அடி. இந்தக் குட்டிப் பாதையில் இரண்டரை அடி. பாதிக்கும் குறைவு. செலவும் குறைவு, மலை வளைவுகளில் நெளிந்து போவதும் எளிது. ஆனால் ஒரு பாதையின் பெட்டி மற்றப் பாதையில் ஓடாது. இராகலையிலிருந்து வருகிற தேயிலைப் பெட்டி ஒவ்வொன்றும் நானுஓயாவில் ஆள் தோளால் இறங்கி, ஆள் தோளால் பெரிய வண்டியில் ஏற வேண்டும். மேலே போகிற அரிசி மூட்டைக்கும் உர மூட்டைக்கும் அதே கதை எதிர்ப்பக்கமாக. ‘செலவு குறைவு’ என்று பொறியியலாளர் எழுதிவைத்த கணக்கில் அந்தத் தோள்கள் எந்தப் பத்தியில் வந்தன என்று மாஸ்டர் அண்ணனைக் கேட்டேன். “நம்ம ஆளுங்க எந்தப் பத்தியில வந்தாங்க, இதுல வர்றதுக்கு?” என்றார்.

நானுஓயாவில் வானை நிறுத்தினோம். இன்றைக்கும் நுவரெலியாவுக்குக் கோச்சியில் வருகிறவர்கள் இங்கேதான் இறங்கி பஸ்ஸையும் வாடகை வாகனத்தையும் பிடிக்க வேண்டும். 1903இல் தீர்த்து வைத்த பிரச்சினை மறுபடி பிரச்சினையாகிவிட்டது. சுற்றுலாப் பயணிகளோடு பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு முச்சக்கர வண்டிக்காரரிடம் பழைய பாதை எது என்று கேட்டோம். நாங்கள் வாடகை குறைக்கப் பார்க்கிறோம் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இங்கிருந்து மாஸ்டர் அண்ணன் பாடம் நடத்தத் தொடங்கினார். செத்துப்போன பாதையைக் கண்டுபிடிப்பதற்குக் கண்ணைவிடக் கால் முக்கியம் என்றார். வீதிக்கு அவசரம், செங்குத்தாய் ஏறும், கொண்டை ஊசிபோல் மடங்கும். கோச்சிக்கு அது முடியாது. எங்கள் பெரிய பாதையிலேயே 44 அடி போனால்தான் ஓரடி ஏறலாம், வளைவின் ஆரம் ஐந்து சங்கிலிக்கு, அதாவது 330 அடிக்குக் குறையக்கூடாது என்பது கணக்கு. குட்டிப் பாதை இதைவிடத் துணிச்சலானதுதான், என்றாலும் கோச்சி கோச்சிதான். மலைச்சரிவில் எங்காவது தேயிலைக்கு நடுவில், காரணமில்லாமல் ஒரே சீராக, அலுக்காமல் ஏறிக்கொண்டு போகிற ஒரு மேடை தெரிந்தால் அங்கே நின்றுவிட வேண்டுமாம். ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் நிரப்பி, நீரோடை வருமிடத்தில் செதுக்கிய கருங்கல்லில் மதகு கட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாமாம்.

பிளாக்பூல் பக்கம் போகும்போது அப்படி ஒன்றைக் கண்டோம். கண்டோம் என்று மாஸ்டர் அண்ணன் சொன்னார். ஆசிரியர் நண்பர் அது தோட்டத்து வண்டிப் பாதை என்று சாதித்தார். அப்போதுதான் தண்ணீர்ப் போத்தல் வெளியே வந்தது. பாதித் தண்ணீரோடு அதைத் தரையில் படுக்கவைத்து, நீர்மட்டம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று குனிந்து பார்த்தார். பத்து அடி தள்ளி மறுபடி. இருபது அடி தள்ளி மறுபடி. ஏற்றம் ஒரே அளவாக இருந்தது. எழுபது வயது தாண்டிய மனிதர், மழையில் ஊறிய மண்ணில் முழங்காலிட்டு, போத்தலோடு பேசிக்கொண்டிருந்ததைக் கண்டு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். ஆசிரியர் நண்பர் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. படம் மட்டும் எடுத்துக்கொண்டார்.

நுவரெலியா நகரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நகரங்கள் நிலத்தை வீணாக்குவதில்லை. கோச்சி நின்ற இடத்தை வேறொன்று உடனே பிடித்துக்கொள்கிறது. பீட்ரு தோட்டத்தைத் தாண்டிக் கந்தப்பளை வீதியில் ஏறிய பிறகுதான் மறுபடி மலை பேசத் தொடங்கியது.

கந்தப்பளைக்கு ஒரு பெருமை இருந்தது. இலங்கையில் மிக உயரத்தில் இருக்கும் புகையிரத நிலையம் எது என்று கேட்டால் பட்டிப்பளை என்று பிள்ளைகள் சொல்வார்கள். பட்டிப்பளை உச்சியில் 6,226 அடி என்று பலகை நிற்கிறது. கந்தப்பளை 6,300 அடிக்கும் மேலே. குட்டிக் கோச்சி ஓடிய காலம் முழுக்க அந்தப் பெருமை கந்தப்பளைக்குத்தான். பாதையைக் கழற்றினார்கள், பெருமையும் பட்டிப்பளைக்கு மாறிவிட்டது.

கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலையை 1990களில் ஹோட்டலாக மாற்றினார்கள். அங்கே குறுகிய பாதையில் ஓடக்கூடிய பழைய பெட்டி ஒன்றைத் துண்டுத் தண்டவாளத்தின் மேல் நிறுத்தி உணவகமாக வைத்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு மனம். அந்தப் பெட்டி காயலான் கடைக்குப் போகாமல் தப்பியதே என்று ஒரு மனம். எந்த ஊர்க்காரரின் கோச்சியோ, அந்த ஊர்க்காரர் அதில் உட்கார்ந்து ஒரு கோப்பை தேநீர் குடிக்க ஒரு நாள் சம்பளம் போதுமா என்று இன்னொரு மனம்.

இதே கதை கடலுக்கு அப்பாலும் நடந்திருக்கிறது. கேரளத்து மூணாறில் தேயிலைக்கென்று குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாட்டு வண்டிபோல் ஒன்று ஓடியது. 1908இல் அதை இரண்டடிப் பாதையாக்கி நீராவி எந்திரம் விட்டார்கள். அங்கேயும் கொழுந்து எடுத்தவர்கள் தமிழர்களே. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்தப் பாதையை ஒரேயடியாகக் கொண்டுபோய்விட்டது. மூணாறு நிலையக் கட்டடம் பிறகு தேயிலைக் கொம்பனியின் அலுவலகமாயிற்று. அதே நேரம், நீலகிரி மலையில் ஓடுகிற சிறிய கோச்சி 2005இல் உலக மரபுச் சின்னமாகிவிட்டது. டார்ஜிலிங்கின் இரண்டடிப் பாதைக்கு 1999இலேயே அந்த மதிப்புக் கிடைத்தது. நமது நாட்டில் களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய பாதைகூட, யட்டியாந்தோட்டைக் கிளையை 1942இலும், இரத்தினபுரி, ஓப்பநாயக்கா பக்கத்தை 1970களிலும் பறிகொடுத்த பின்னும், அவிசாவளை வரையாவது அகலப் பாதையாகிப் பிழைத்துக்கொண்டது. உடப்புசல்லாவைப் பாதைக்கு எதுவும் வாய்க்கவில்லை. அதை மூணாறைப்போல் வெள்ளம் கொண்டுபோகவுமில்லை. லொறி வந்தது, கணக்குப் பார்த்தார்கள், எடுத்துவிட்டார்கள்.

கந்தப்பளைக்கும் புரூக்சைட்டுக்கும் இடையில் ஒரு தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் போகிற ஒற்றையடிப் பாதையில் இறங்கி நடந்தோம். மாட்டுக் கொட்டிலருகே நின்ற ஒரு மூதாட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க தம்பி தேடுறீங்க? காணி அளக்க வந்தீங்களா?”

“இல்ல பாட்டி. இந்தப் பக்கம் முந்தி கோச்சி ஓடினதாமே?”

“ஓடுச்சு. நீங்க நிக்கிறதே கோச்சி ரோட்டுலதான்.”

மாஸ்டர் அண்ணன் போத்தலைப் பைக்குள் வைத்துவிட்டார்.

பாட்டி கொட்டிலின் நடுத்தூணைக் காட்டினார். கறுத்து, துரு உதிர்ந்து, சாணம் மெழுகிய அந்தத் தூண் ஒரு தண்டவாளத் துண்டு. மாஸ்டர் அண்ணன் சாணமும் ஒதுக்காமல் விரலை விரித்து அதன் அடிப்பாகத்தை அளந்தார். பெரிய பாதையின் தண்டவாளம் இவ்வளவு மெலிவாக இருக்காது என்றார். அதைத் தன் அப்பாவும் நாலு பேரும் தோளில் கொண்டுவந்து நட்டதாகப் பாட்டி சொன்னார். பாதையைக் கழற்றியபோது அவர் சின்னப் பிள்ளை. கோச்சியில் ஏறியிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

“நானா? எங்கம்மாவே கொஞ்ச நாள்தான் ஏறுச்சு. பொறவு ஆளு ஏத்த மாட்டேன்னுட்டாங்களே. தேயிலப் பெட்டி கோச்சியில போவும். எங்கம்மா அது பின்னாலயே நுவரெலியாவுக்கு நடந்து போவும்.”

இதைப் பாட்டி குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்யும், வெயில் அடிக்கும் என்பதுபோல் சொன்னார். நான்தான் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். ஏனென்றால் அது வெறும் பாட்டி கதை அல்ல. பதிவில் உள்ள விஷயம். பயணிகள் சேவை 1940இல் நிறுத்தப்பட்டது. சரக்குக் கோச்சி 1948 வரை ஓடியது. எட்டு வருடங்கள் அந்தப் பாதையில் தேயிலைக்கு இடமிருந்தது, தேயிலையைப் பறித்தவர்களுக்கு இடமில்லை. பஸ் வந்துவிட்டதே என்பது நிறுத்தியவர்களின் நியாயமாக இருந்திருக்கும். பஸ் ஓடியது பெருந்தெருவில். லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு வருவதே ஒரு பயணம் என்பது மலையகத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் தோன்றியது. அந்தக் காலத்தில் தோட்டம் என்பது தனியார் சொத்து. வெளியாள் உள்ளே காலை வைத்தால் அத்துமீறிப் புகுந்த குற்றம். தொழிற்சங்கத்தை மலைக்குக் கொண்டுவந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் போட்டுத்தான் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பது வரலாறு. அப்படியான நிலப்பரப்பின் நடுவே துரைக்குச் சொந்தமில்லாத மெல்லிய கோடு ஒன்று ஓடியதென்றால் அது புகையிரதப் பாதை. அதன் நிலையத்து மேடையில் ஒரு தொழிலாளி நின்றால், “ஏன் நிற்கிறாய்?” என்று கங்காணி கேட்க முடியாது. கையில் ஒரு மூன்றாம் வகுப்புச் சீட்டு இருந்தால் போதும். 1940இல் பறிபோனது இந்த மேடைகளும்தான் என்று நான் நினைக்கிறேன்.

பாதை முழுதாக மூடப்பட்ட 1948ஐ மலையகத்தார் வேறொரு காரணத்துக்காக மறப்பதில்லை. அதற்கு முந்தைய வருடத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. தலவாக்கலையில் வென்றவர் நமது எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவரானார்கள். அடுத்த வருடம் வாக்கும் போயிற்று. இந்தச் சட்டத்துக்கும் குட்டிப் பாதைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இரண்டையும் முடிச்சுப் போட்டு உருவகம் செய்வது எழுத்தாளர்களுக்கு இலகுவான வேலை, நான் அதைச் செய்யப் போவதில்லை. ஆனால் இரண்டும் ஒரே வருடத்தில் அதே லயங்களின் மேல் வந்து விழுந்தன என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை. பிறகு 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் எண்ணிப் பிரித்தார்கள். போகிறவர்கள் மலையக நிலையங்களில் கோச்சி ஏறித் தலைமன்னாருக்குப் போனார்கள். அழுகையோடு புறப்பட்ட அந்தக் கோச்சிகளை மாஸ்டர் அண்ணன் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

பாட்டியின் குடும்பமும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கிறது. அண்ணன் ஒருவர் போனார், இவர்கள் நின்றுவிட்டார்கள். ஏன் நின்றீர்கள் என்று ஆசிரியர் நண்பர் கேட்டதற்கு, “மாடு சினையா இருந்துச்சு” என்றார். அவ்வளவுதான். தேநீர் குடிக்காமல் எங்களை விடவில்லை. சீனியில்லாத தேநீர், கையில் ஒரு துண்டுக் கருப்பட்டி.

தோட்டங்களுக்கெல்லாம் துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்றும், நம்மவர் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்றும் உண்டு. தமிழ்ப் பெயரைச் சொன்னால்தான் ஆள் வரும் என்பதால் துரைமாரின் கைநூல்களே அந்தப் பெயர்களையும் அச்சிட்டு வைத்தன. ‘கோச்சி ரோட்டு’ எந்தக் கைநூலிலும் இல்லை. கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட தேசியப் புகையிரத அருங்காட்சியகத்தில் பழைய எந்திரங்களைப் பார்க்கலாம், இந்தப் பெயரைப் பார்க்க முடியாது. ஆசிரியர் நண்பர் அன்றிரவு முதல் ஒரு கொப்பி போட்டிருக்கிறார். நானுஓயாவிலிருந்து இராகலை வரை எந்தெந்த லயத்தில் எந்தெந்த ஒற்றையடிப் பாதையை அப்படி அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவதாகத் திட்டம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும், வாசித்துக்கொண்டிருக்கும் அந்தப் பக்கத்து அன்பர்கள் அவர் வந்து கேட்டால் சொல்லி உதவுங்கள். காணி அளக்க வந்தவர் அல்ல.

இராகலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்து பனி இறங்கிவிட்டது. பாதையின் கடைசி நிலையம் இருந்த ஊர். மாஸ்டர் அண்ணன் வான் கண்ணாடியை இறக்கி, கடை வாசலில் நின்ற ஒரு பையனிடம், “தம்பி, இங்க பழைய ஸ்டேஷன் எங்க இருந்துச்சு?” என்று கேட்டார்.

பையன் எங்கள் நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். “ஸ்டேஷன் பழசு இல்லீங்க, இப்பவும் அங்கதான் இருக்கு” என்று பொலிஸ் நிலையம் இருக்கும் பக்கம் கையைக் காட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தி, “என்னங்க, ஏதும் களவு போச்சா?” என்றான்.

மாஸ்டர் அண்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். தலவாக்கலை வரும் வரை ஒன்றும் பேசவில்லை.